சோலோ படத்துல ஹான் எதையெல்லாம் தொலைக்கிறான்னு பாருங்க

நீங்க கேட்டதை முதல்ல சுருக்கிச் சொல்லிடறேன். ஒரு ஸ்பேஸ் ஓபரா (விண்வெளில நடக்கிற சாகசக் கதை) எழுத ஆரம்பிச்சிருக்கீங்க, ஒரு விண்வெளிக் கடத்தல்காரனோட இளமைக் காலம்தான் கதை, அதுக்காக 2018ல வந்த 'சோலோ: எ ஸ்டார் வார்ஸ் ஸ்டோரி'யை ரெண்டு தடவை பார்த்துட்டீங்க, பார்த்தா அனாதைப் பையன், கழுத்தறுக்கிற குரு, கைவிட்டுப் போற காதலி, ரயில் கொள்ளை, சீட்டாட்டம்னு எல்லாமே ஏற்கனவே எங்கேயோ பார்த்த ட்ரோப், அதாவது திரும்பத் திரும்ப வர்ற கதை அச்சு, ஆனா அதே படத்துல சில சீன் மனசுல ஒட்டுது, சில சீன் ஒட்டவே மாட்டேங்குது, ரெண்டுமே பழசுதான்னா இது எப்படின்னு கேட்டிருந்தீங்க. ரொம்ப நல்ல கேள்வி, ஏன்னா எல்லாரும் "க்ளிஷே"ன்னு ஒரே வார்த்தைல முடிச்சிட்டுப் போயிடறாங்க, எந்த க்ளிஷே வேலை செய்யுது எது செய்யலன்னு பிரிச்சுப் பார்க்கிறதே இல்ல.

எனக்கு அந்தப் படத்து நாயகன், கடத்தல்காரன் ஹான் சோலோ மேல பல வருஷப் பிடிப்பு, படத்தையும் பார்த்திருக்கேன், அதுக்கு முன்னாடி இவனோட இளமையைப் பத்தி வந்த நாவல்களையும் படிச்சிருக்கேன். எல்லாத்தையும் வச்சுப் பார்த்ததுல எனக்குப் பிடிபட்டது ஒண்ணு: ஹானுக்கு ஏதாவது வந்து சேர்ற சீன்லயெல்லாம் படம் தொய்யுது, அவன் கையை விட்டு ஏதாவது போற சீன்லயெல்லாம் படம் நிமிர்ந்து உக்காருது. பேர் கிடைக்குது, துப்பாக்கி கிடைக்குது, இதெல்லாம் சப்புனு போகுது. காதலி போறா, குரு போறான், நம்பிக்கை போகுது, இங்கெல்லாம் நாம அவனோட சேர்ந்து மூச்சுப் பிடிக்கிறோம். விதிவிலக்கு ரெண்டு மூணு இருக்கு, அதையும் சொல்றேன், அந்த விதிவிலக்குலதான் உங்களுக்கு நிறைய விஷயம் கிடைக்கும்.

இந்தக் கடத்தல்காரன் எங்கேர்ந்து வந்தான்னு கொஞ்சம் பார்த்துடலாம். 'ஸ்பேஸ் ஓபரா'ங்கற வார்த்தையே 1941ல வில்சன் டக்கர் திட்டறதுக்காக உருவாக்கினது, அரைச்ச மாவையே அரைக்கிற விண்கப்பல் கதைகளுக்கு அவர் வச்ச பேர், அப்போ அமெரிக்காவுல மலிவான வெஸ்டர்ன் கதைகளை 'ஹார்ஸ் ஓபரா'ன்னு சொல்லுவாங்க, அந்த வழில வந்தது. ஆனா அதுக்கு எட்டு வருஷம் முன்னாடியே, 1933ல, சி.எல்.மூர் ஒரு கதாபாத்திரத்தை எழுதிட்டாங்க, நார்த்வெஸ்ட் ஸ்மித்னு பேர், கிரகம் விட்டுக் கிரகம் சரக்கு கடத்தறவன், இடுப்புல எப்பவும் ஒரு வெப்பத் துப்பாக்கி, கூட்டாளி ஒரு வெள்ளிக் கிரகத்துக்காரன். அதாவது சட்டத்துக்கு வெளிய இருக்கிற மனுஷன், பக்கத்துல வேற இனத்துல ஒரு நண்பன், இந்த ஜோடி, ஹானும் அவனோட வேற்றினத் துணைவன் சுபாக்காவும் 1977ல முதல் ஸ்டார் வார்ஸ் படத்துல வர்றதுக்கு 44 வருஷம் முன்னாடியே இருக்கு. அப்புறம் 1980ல வந்த ரெண்டாவது ஸ்டார் வார்ஸ் படத்துக்கு முதல் டிராஃப்ட் எழுதின லீ ப்ராக்கெட்டை எடுத்துக்கோங்க, ஹம்ஃப்ரி போகார்ட் நடிச்ச 1946 நுவார் (இருண்ட குற்றக் கதை) படத்துக்கும் ஜான் வெய்ன் நடிச்ச 1959 வெஸ்டர்ன் படத்துக்கும் திரைக்கதைல கைவச்சவங்க, கூடவே ஸ்பேஸ் ஓபரா கதைகளும் எழுதினவங்க. வெஸ்டர்ன், நுவார், விண்கப்பல் மூணும் ஒரே ஆள்கிட்ட. அதனால இந்தக் கடத்தல்காரன் பிறவியிலேயே கலப்படம்தான், அவன் கதைல ட்ரோப் இருக்கேன்னு நீங்க கவலைப்படவே வேண்டாம், ட்ரோப் இல்லாம அவனே கிடையாது.

ப்ராக்கெட் இறந்தப்புறம் அந்த ஸ்க்ரிப்டை எடுத்து எழுதினது லாரன்ஸ் காஸ்டன், அவரே தன் மகன் ஜோனத்தன் காஸ்டனோட சேர்ந்து 2018 படத்தையும் எழுதினார். 1980 படத்துல பழைய நண்பன் லேண்டோ ஹானைக் காட்டிக் கொடுக்கிற சீனை எழுதின கையும் இந்தப் படத்துல துரோகம் மேல துரோகமா அடுக்கின கையும் ஒண்ணுதான். அதை மனசுல வச்சுக்கோங்க.

இப்போ ப்ரீக்வலோட, அதாவது முன்கதைப் படத்தோட, அடிப்படைச் சிக்கல். முடிவு எல்லாருக்கும் தெரியும். ஹான் சாகமாட்டான், சுபாக்கா சாகமாட்டான், லேண்டோ சாகமாட்டான், லேண்டோவோட ஃபால்கன் கப்பல் கடைசில ஹான்கிட்டதான் வரும். 'பிழைப்பானா'ங்கற கேள்வி செத்துப் போச்சு. அப்போ எழுதறவங்களுக்கு ரெண்டு வழிதான் மிச்சம். ஒண்ணு, 1977 படத்துல இருக்கிற ஒவ்வொரு பொருளும் எப்படி வந்ததுன்னு சொல்லிட்டே போறது. இன்னொண்ணு, 1977ல மதுக்கடைல உக்காந்து யாரையும் நம்பாம, காசு எவ்வளவுன்னு மட்டும் கேக்குற அந்த ஆள், அதுக்கு முன்னாடி யாரையெல்லாம் நம்பினான்னு சொல்றது. சோலோ படம் ரெண்டையும் செய்யுது, பாதிப் படம் அது, பாதிப் படம் இது, உங்களுக்கு ஒட்டாம போன சீனெல்லாம் பெரும்பாலும் முதல் வகைதான், வேணும்னா திரும்பப் போட்டுப் பாருங்க.

இதுக்கு படமே ஆரம்பத்துல ஒரு தெளிவான உதாரணம் கொடுக்குது, கிட்டத்தட்ட பக்கத்துப் பக்கத்துல. கொரீலியா கிரகத்துல ஹானும் அவன் காதலி கீராவும் லேடி ப்ராக்ஸிமாங்கற கும்பல் தலைவிகிட்டேர்ந்து தப்பிச்சு விண்வெளி நிலையத்துக்கு ஓடி வர்றாங்க, கைல ஒரு குப்பி கோஆக்ஸியம்ங்கற விண்கப்பல் எரிபொருள், அதைக் காவல் அதிகாரிக்கு லஞ்சமா கொடுத்து கேட்டைத் தாண்டணும். ஹான் தாண்டிடறான். கீராவைத் துரத்தி வந்தவங்க பிடிச்சுடறாங்க, நடுவுல கண்ணாடிக் கதவு மூடிடுது, ஓடு ஓடுன்னு அவ கத்தறா. எவ்வளவு பழைய ட்ரோப் பாருங்க, எல்லைக் கதவுல பிரியற காதலர்கள், ஆனா அடிக்குது, ஏன்னா முதல்ல தாண்டினது அவன், ஒரு அடி தள்ளி நின்னிருந்தா கதை மாறியிருக்கும்ங்கற குத்தம் அவன் மேல ஒட்டிக்குது. சில நிமிஷம் கழிச்சு அவன் கேலக்ஸியை ஆள்ற எம்பயரோட படைக்கு ஆள் சேர்க்கிற மேஜைக்குப் போறான், உன் ஆளுங்க யாருன்னு அதிகாரி கேக்குறாரு, எனக்கு யாரும் இல்ல, தனியாதான் இருக்கேன்ங்கறான், அதிகாரி கொஞ்சம் யோசிச்சு 'சோலோ'ன்னு எழுதறாரு. இங்க தியேட்டர்ல நிறைய பேர் நெளிஞ்சாங்க, நானும் நெளிஞ்சேன். அந்தப் பேர் எப்படி வந்ததுன்னு யாருமே கேக்கல. கேக்காத கேள்விக்குப் பதில் சொல்றதுதான் ப்ரீக்வல் செய்யற பெரிய தப்பு.

ஆனா கவனிச்சுப் பாருங்க, அந்த சீனைக் காப்பாத்தியிருக்க முடியும். யாரும் இல்லன்னு அவன் சொல்றப்போ கீராவை விட்டுட்டு வந்து சில நிமிஷம்தான் ஆகுது, அந்த வார்த்தை தொண்டைல சிக்கியிருக்கணும், கேமரா அவன் முகத்துல நின்னிருக்கணும், பேரை அதிகாரி போற போக்குல எழுதியிருக்கணும். படம் நேர்மாறா பேரைப் பெருசாக்கி வலியைச் சின்னதாக்கிடுச்சு. துப்பாக்கியும் இதே கதைதான், அவனோட குரு பெக்கெட் ஒரு நீளத் துப்பாக்கியைக் கழட்டிச் சின்னதாக்கி அவன்கிட்டத் தூக்கிப் போடறான், வாங்கிக்கிறான், அவ்வளவுதான், அதைப் பத்தி மேல பேச ஒண்ணும் இல்ல.

பெக்கெட்டைப் பத்திப் பேசினா நேரம் போறதே தெரியாது, ஏன்னா இந்தப் படத்துல எனக்கு ரொம்பப் பிடிச்ச எழுத்து அங்கதான் இருக்கு. வழக்கமா ஸ்பேஸ் ஓபரால குருன்னா வயசான நல்லவர், ஞானம் சொல்லிட்டு நடுவுல செத்துப் போவாரு, சீடன் அவர் வழில நடப்பான். கடத்தல்காரன் கதைக்கு அந்த அச்சு பொருந்தாது. இங்க குரு ஒரு திருடன், சொல்லிக் கொடுக்கிற பாடமே எல்லாரும் துரோகம் பண்ணுவாங்கன்னு வச்சுக்கோ, அப்போ ஏமாற மாட்டங்கறதுதான். இந்தப் பாடத்துக்குள்ள ஒரு கண்ணி இருக்கு, சொல்றவனையும் சேர்த்துத்தானே 'எல்லாரும்'? நம்பாதேன்னு சொல்லிக் கொடுக்கிறவனை சீடன் நம்பினா பாடம் மண்டைல ஏறலன்னு அர்த்தம், நம்பலன்னா உறவே முறிஞ்சுது. இந்த முடிச்சை மிம்பன் கிரகத்துச் சேத்துல ஆரம்பிச்சு சவரீன் கிரகத்துக் கடற்கரை வரைக்கும் அவிழ்க்காம இழுத்துட்டுப் போறாங்க, அதான் அந்தக் கதாபாத்திரத்துக்கு உயிர்.

'கடைசியா ஒரு வேலை, அப்புறம் ரிட்டயர்'ங்கற ட்ரோப்பும் பெக்கெட்கிட்டதான் இருக்கு, ஊருக்குப் போய் வாலகார்ட்னு ஒரு வாத்தியம் கத்துக்கணும்னு சொல்லிட்டே இருப்பான். அந்த மாதிரிப் பேசினாலே ஆள் போயிடுவான்னு நமக்குத் தெரியும். ஆனா படம் முதல்ல அவன் துணை வாலைக் கொல்லுது, ரயில் கொள்ளைல பாலத்தைத் தகர்க்கிறதுக்காக அவ தன்னையே சேர்த்து வெடிக்க வச்சுக்கிறா, கூட்டாளி ரியோவும் போயிடறான், அவ்வளவும் கொடுத்து எடுத்த சரக்கு மலைல விழுந்து வெடிச்சுப் போகுது, விழுந்ததுக்குக் காரணம் ஹான் பயந்து கேபிளை விட்டது. அதுக்கப்புறம் பெக்கெட் அவனை ஒரு குத்து விட்டுட்டு, கூடவே வச்சுக்கிறான். இனிமே ஊருக்குப் போனா என்ன போகாட்டி என்னங்கற நிலைமைல இருக்கிற ஒருத்தன் அதே கனவைத் திரும்பத் திரும்பச் சொல்றப்போ அது சோகமா மாறிடுது. வால் இறந்ததைப் படம் இன்னும் கொஞ்சம் துக்கப்பட விட்டிருக்கணும்ங்கறது என் வருத்தம், அடுத்த சீன்லயே எல்லாரும் அடுத்த திட்டம் பேச ஆரம்பிச்சிடறாங்க.

ரயில் கொள்ளையைப் பத்தி ஒரு வரி: 1903லயே அமெரிக்காவுல ரயில் கொள்ளையை வச்சுப் பிரபலமான குறும்படம் வந்துடுச்சு, அதாவது சினிமாங்கறதே தவழ்ந்துட்டிருந்தப்போ வந்த ட்ரோப் இது. அதை மலைல தலைகீழாச் சுத்தற ரயிலா மாத்தினது கண்ணுக்கு விருந்துதான், ஆனா கதைக்கு முக்கியம் அது தோத்துப் போறது. திட்டம் போட்டுக் கொள்ளையடிக்கிற ஹைஸ்ட் கதைல நம்மகிட்ட முன்கூட்டியே விளக்கின திட்டம் நிச்சயம் சொதப்பும், விளக்காத திட்டம் ஜெயிக்கும், இது எழுதாத சட்டம். சோலோ ரெண்டையும் பயன்படுத்துது, ரயில் திட்டத்தை நமக்குத் தெரிய வச்சுக் கவுக்குது, கடைசித் திட்டத்தை மறைச்சு வச்சு ஜெயிக்க வைக்குது. கோஆக்ஸியத்தையும் பாராட்டணும். எல்லாரும் துரத்தற பொருள்னா பெரும்பாலும் ஏதோ ஒரு பெட்டி, உள்ள என்ன இருந்தா நமக்கென்னன்னு இருக்கும். இங்க அது ஒளியை மிஞ்சின வேகத்துல பாயறதுக்கான ஹைப்பர்ஸ்பேஸ் எரிபொருள், சுத்திகரிக்காத நிலைல சூடு ஏறினா வெடிச்சிடும், அதனால பொருளே கடிகாரமா ஆயிடுது, தனியா டென்ஷன் சேர்க்க வேண்டியதில்ல. உங்க கதைல என்ன சரக்கு கடத்தறான்னு இன்னும் முடிவு பண்ணலன்னா, கெட்டுப் போற, வெடிக்கிற, இல்ல உயிரோட இருக்கிற ஏதாவது ஒண்ணா வச்சுக்கோங்க.

திரும்பவும் பெக்கெட். கடைசில சவரீன்ல அவன் ஹானைக் காட்டிக் கொடுத்துட்டு, சரக்கையும் சுபாக்காவையும் இழுத்துட்டுப் போறான், ஹான் எதிர்ல வந்து நிக்கிறான், பெக்கெட் பேச்சு கொடுக்க ஆரம்பிக்கிறான், பேசிட்டே கை துப்பாக்கிப் பக்கம் நகருது, வாக்கியம் முடியறதுக்குள்ள ஹான் சுட்டுடறான். இந்த இடத்துக்குப் பின்னாடி ஒரு பெரிய சர்ச்சையே இருக்கு. 1977 படத்துல மேஜைக்கு அடியிலேர்ந்து ஹான் தன்னைப் பிடிக்க வந்த கூலிக்காரன் க்ரீடோவைச் சுட்டுக் கொல்றான். 1997ல வந்த சிறப்புப் பதிப்புல க்ரீடோ முதல்ல சுட்ட மாதிரி மாத்திட்டாங்க, ரசிகர்கள் இன்னும் ஆறல. அதனால சோலோ படத்துல ஹான் முந்திக்கிட்டுச் சுட்டதும் நிறைய பேர் அதை ரசிகர்களுக்குக் கண்ணடிக்கிற சீனாத்தான் பார்த்தாங்க. எனக்கு அப்படித் தோணல. பெக்கெட் சாகறப்போ, இந்தத் தடவையாவது புத்திசாலித்தனமா செஞ்ச, நான் உன்னைக் கொன்னிருப்பேன்னு ஒத்துக்கிறான். பாடத்தை முழுசாக் கத்துக்கிட்டதுக்குச் சான்று குருவோட பிணம். அப்புறம் ஹான் ஓடிப்போய் அவனைப் பிடிச்சுக்கிறான் பாருங்க, சுட்ட அதே கை தாங்குது, அங்க அவன் தொலைச்சது என்னன்னு யாரும் வசனம் பேசி விளக்க வேண்டியதில்லாம போயிடுது. பழைய படத்துல மேஜைக்கு அடில அவன் கை நடுங்காம இருந்ததுக்கு இப்போ ஒரு காரணம் கிடைச்சிடுச்சு, அந்தக் காரணம் வலிக்குது, அதனால ஏத்துக்க முடியுது.

கீராவும் அப்படித்தான். நுவார் கதைல வர்ற ஆபத்தான பெண்ங்கற அச்சுல வார்த்த மாதிரி தெரியும், காதலி மாதிரி வந்து கடைசில கைவிடுவா. ஆனா படம் அவளை ஏமாத்துக்காரியா காட்டல. மூணு வருஷம் கழிச்சு கும்பல் தலைவன் ட்ரைடன் வாஸோட சொகுசுக் கப்பல்ல ஹான் அவளைப் பார்க்கிறப்போ அவ க்ரிம்சன் டான் கும்பலோட முக்கிய ஆளு, கைல அவங்க முத்திரை குத்தியிருக்கு. நடுவுல என்ன நடந்ததுன்னு அவன் கேக்குறான், அவ சொல்ல மாட்டேங்கறா, படமும் சொல்லல. பொருள் ஒவ்வொண்ணுக்கும் விளக்கம் சொல்ற படம் இந்த ஒரு இடத்துல வாயை மூடிட்டு இருந்துச்சே, அதுதான் இருக்கிறதுலயே பலமான முடிவு. கடைசில வாஸை அவளே கொல்றா, நீ முன்னாடி போ நான் வர்றேன்னு ஹானை அனுப்பறா, கதவு மூடுது, அந்த இடத்துலயே தலைமையை எடுத்துக்கறா. ஹான் கீழ நின்னு கப்பல் மேல போறதைப் பார்க்கிறான். படத்தோட ஆரம்பத்துல கதவு மூடினது அவளுக்கு, இப்போ அவனுக்கு. அப்போ வந்த அந்த ஹோலோகிராம்ல மால்ங்கற பழைய வில்லன் தோன்றினது மட்டும் எனக்குப் பிடிக்கல, 1999 படத்துல ரெண்டு துண்டா விழுந்தவன், அனிமேஷன் தொடர் பார்த்தவங்களுக்குத்தான் அவன் பிழைச்சது தெரியும், மத்தவங்க குழம்பிட்டாங்க, அடுத்த பாகத்துக்குப் போட்ட கொக்கி, அந்த அடுத்த பாகம் வரவும் இல்ல. கீரா என்ன ஆனாங்கற கேள்வி நிக்க வேண்டிய இடத்துல இவன் யாருங்கற கேள்வி வந்து உக்காந்துடுச்சு.

இனி விதிவிலக்குங்க. சுபாக்கா ஹானுக்குக் கிடைக்கிற ஒண்ணு, ஆனா அந்த சீன் தொய்யல. இதுக்குப் பழைய நாவல்களோட வச்சுப் பார்த்தா காரணம் புரியும். 1997-98ல ஏ.சி.க்ரிஸ்பின் ஹானோட இளமையை மூணு நாவலா எழுதினாங்க, 2014ல அதெல்லாம் அதிகாரபூர்வக் கதை வரிசைலேர்ந்து விலகிடுச்சு, ஆனா எலும்புக்கூடு அதேதான், கொரீலியாவோட அனாதைப் பையன், திருட வைக்கிற கும்பல், விட்டுட்டுப் போற முதல் காதலி, சீட்டாட்டத்துல ஜெயிச்ச கப்பல். அதுல எம்பயர் அதிகாரியா இருக்கிற ஹான் அடிமையா இருந்த சுபாக்காவைக் காப்பாத்தறான், அதுக்குப் பதிலா சுபாக்கா உயிர்க்கடன் பட்டு கூடவே வர்றான். உன்னதமா தோணும், ஆனா யோசிச்சா ஒருத்தன் எஜமான் மாதிரியும் இன்னொருத்தன் விசுவாசி மாதிரியும் ஆயிடுது. படத்துல ரெண்டு பேரும் ஒரே சேத்துக் குழிக்குள்ள, ஒரே சங்கிலில, சேர்ந்து நடிச்சுத் தப்பிக்கிறாங்க, யாரும் யாரையும் காப்பாத்தல. அதைவிட முக்கியமானது கெஸ்ஸல் கிரகத்துச் சுரங்கத்துல நடக்குது, தன் இனத்து அடிமைங்களைப் பார்த்ததும் சுபாக்கா ஹானை விட்டுட்டு அவங்களுக்கு உதவப் போயிடறான். ஹான் விட்டுடறான். அப்புறம் சுபாக்கா தானாவே திரும்பி வர்றான். ஒரு தடவை இழந்தப்புறம் கிடைச்ச நட்பு அது, என் கணக்குக்குள்ளயே பொருந்திடுது.

கப்பலும் இப்படித்தான், கொஞ்சம் சிக்கலா. எல்த்ரீங்கற ட்ராய்டு (ரோபோ) லேண்டோவோட பைலட் கூட்டாளி, ட்ராய்டுகளுக்கு விடுதலை வேணும்னு பேசிட்டே இருப்பா, கெஸ்ஸல்ல போய் உண்மையிலேயே ஒரு கலகத்தைக் கிளப்பிடறா, அதுலயே சுடப்பட்டுச் சாகறா, லேண்டோ அவளைத் தூக்கிட்டு ஓடி வர்றான். தப்பிக்க வழி தெரியணும்னு அவளோட வழித்தட நினைவை ஃபால்கன் கப்பலோட கம்ப்யூட்டர்ல இணைச்சிடறாங்க. 1980 படத்துல இந்தக் கப்பல் ஏதோ விசித்திரமான வட்டார வழக்குல பேசுதுன்னு ஸீ-த்ரீபிஓங்கற ட்ராய்டு சொல்ற ஒரு சின்ன வசனம் இருக்கு, அதுக்கு இப்போ ஒரு ஆள் பின்னாடி இருக்கா. கப்பல்ல ஒரு சாவு இருக்கிறதால அது வெறும் பரிசுப் பொருளா நிக்கல. ஆனா இங்க எனக்கு ஒரு உறுத்தல் உண்டு, படம் முழுக்க சுதந்திரம் கேட்டவளை யாரோட சம்மதமும் கேக்காம ஒரு இயந்திரத்துக்குள்ள நிரந்தரமா வச்சுட்டாங்க, பின்னாடி அந்தக் கப்பலை ரெண்டு பேர் சீட்டுல பந்தயம் வேற வைக்கிறாங்க, இதைப் படத்துல ஒருத்தர்கூட யோசிக்கல. லேண்டோவாவது யோசிச்சிருக்கணும். நீங்க இந்த மாதிரி எழுதினா தயவுசெஞ்சு ஒரு கதாபாத்திரத்தையாவது அதைக் கேக்க வையுங்க.

கெஸ்ஸல் ஓட்டம்ங்கற ஆபத்தான கடத்தல் வழிக்கு வர்றேன். 1977ல ஹான், என் கப்பல் கெஸ்ஸல் ஓட்டத்தை 12 பார்செக்குக்கும் குறைவா முடிச்சதுன்னு பீத்திக்கிறான். பார்செக்ங்கறது தூரம், கிட்டத்தட்ட 3.26 ஒளியாண்டு, நேரம் கிடையாது. அந்த ஸ்க்ரிப்ட்லயே இது அப்பட்டமான புளுகுன்னு கேட்டுட்டிருக்கிற பெரியவர் பென் முகத்துல தெரியற மாதிரிதான் குறிப்பு இருக்கு, அதாவது கிராமத்துப் பசங்கன்னு நினைச்சு அடிச்சு விடறான். பின்னாடி வந்தவங்க, க்ரிஸ்பினும் சேர்த்து, கருந்துளைகளுக்குப் பக்கத்துல குறுக்கால போனதால தூரம் குறைஞ்சதுன்னு விளக்கம் கொடுத்தாங்க, படமும் அதே பாதைல போய் 20 பார்செக் வழியைச் சுருக்குது. காட்சி பிரம்மாண்டம், ஆனா ஒரு புளுகனோட புளுகை நிஜமாக்கினா அவன்கிட்டேர்ந்து ஒரு குணத்தைப் பிடுங்கிடறோம். நல்ல வேளை, 12ன்னு அவன் சொன்னதும் சுபாக்கா முறைச்சு ஏதோ உறுமறான், கீழ்ப்பக்கமா ரவுண்டு பண்ணா 12தான்ங்கறான் ஹான். அந்த ஒரு பதில்ல பழைய ஹான் திரும்பி வந்துடறான்.

மிச்சம் இருக்கிறது நீங்க கடைசியா கேட்ட கேள்வி, அவனை நல்லவனா முடிக்கிறதா கெட்டவனா முடிக்கிறதான்னு. படம் முழுக்க வில்லன் மாதிரி துரத்தின என்ஃபிஸ் நெஸ்ட் முகமூடியைக் கழட்டினா சின்னப் பொண்ணு, அவ அம்மா போட்டிருந்த முகமூடி அது, கும்பல்களால அழிஞ்ச ஜனங்களுக்காகப் போராடறா. ஹான் மொத்தச் சரக்கையும் அவகிட்டக் கொடுத்துடறான். இங்க ஒரு நியாயமான ஆட்சேபணை உண்டு, இவன் இப்பவே இவ்வளவு நல்லவன்னா 1977 படத்தோட கடைசில திரும்பி வந்து அந்தப் படத்து நாயகன் லூக்கைக் காப்பாத்தறது என்ன பெரிய மாற்றம்? அந்தக் கேள்வியைப் படம் முழுசா சமாளிச்சதுன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா பாதி வழி போயிருக்கு. கீரா ஒரு இடத்துல, நீ உண்மைல யாருன்னு எனக்குத் தெரியும், நீ நல்லவன்னு சொல்றா, அவன் அதை மறுக்கிறான், தான் சட்டவிரோதி, பொல்லாதவன்ங்கறது அவன் ஆசைப்பட்டுப் போட்டுக்கிற கோட்டு. சரக்கைக் கொடுக்கிறான், ஆனா என்ஃபிஸ் கூப்பிட்டப்போ போகல. அவளை அனுப்பிட்டு, கீராவும் இல்லாம, பெக்கெட்டைப் புதைக்கக்கூட நேரம் இல்லாம, ஒரு குப்பி எரிபொருளோட அந்த மணல்ல நிக்கிறானே, அங்கேர்ந்து மதுக்கடை மேஜை வரைக்கும் இன்னும் பல வருஷம் கெட்டுப் போக இடம் இருக்கு. கெட்டவனா முடிக்கிறதைவிட, நல்லது செஞ்சதால என்ன மிஞ்சிச்சுன்னு அவன் கணக்குப் பார்க்கிற இடத்துல முடிக்கிறது நல்லதுன்னு எனக்குத் தோணுது.

அப்புறம் அந்த ரெண்டாவது சீட்டாட்டம். முதல் ஆட்டத்துல லேண்டோ சட்டைக் கைக்குள்ள சீட்டு ஒளிச்சு வச்சு ஹானைத் தோக்கடிச்சான். ரெண்டாவது தடவை ஹான் அவனைப் பார்த்ததும் பாசமா கட்டிப் பிடிக்கிறான், அந்த அணைப்புலயே சீட்டை உருவிடறான், அப்புறம் நேர்மையா ஆடி ஜெயிக்கிறான். கட்டிப் பிடிக்கிறதைக்கூட இப்போ அவனால திருட்டுக்குப் பயன்படுத்த முடியுது, படத்தோட ஆரம்பத்துல இருந்த பையனுக்கு அது வராது. கப்பல் கிடைச்ச சந்தோஷத்துல இதை நிறைய பேர் கவனிக்கல. உங்க கதைலயும் கப்பல் எப்படிக் கிடைச்சதுன்னு ஒரு அத்தியாயம் வச்சிருக்கிறதா எழுதியிருந்தீங்க, அதை இப்போதைக்கு ஓரமா வச்சிடுங்க. முதல்ல யாரோட கையை அவன் விட்டான்ங்கற அத்தியாயத்தை எழுதி அனுப்புங்க, அதைப் படிச்சிட்டு கப்பலுக்கு வரலாம்.